பூட்டிய பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு

இன்று மதியச் சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்து, ஓய்வு பெற்றபின் நான் முழு மனதோடு செய்துவரும் ஒரே வேலையான தூக்கத்தைத் தொடங்கியிருந்தேன். தலைமாட்டில் போன் உறுமியது. எங்கள் கருவிப் பிரிவின் வாட்ஸ்அப் குழு. இப்போது வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: ‘சார், சின்ன சர்க்யூட். பேட்டரில ஓடணும். அஞ்சு வோல்ட் ரெகுலேட்டர் எதைப் போடலாம்?’

ஒரு கண்ணை மட்டும் திறந்து, ‘ஏதாவது போடுப்பா’ என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அவ்வளவுதான், தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் ஒரே வெள்ளை. மரக்காணத்து உப்பளம், உச்சி வெயில், வானமும் பாத்தியும் ஒட்டிக்கொண்டு எது மேலே எது கீழே என்று தெரியாத நேரம். அந்த வெள்ளைக்கு நடுவே வாய்க்கால் ஓரம் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஒரு மனிதன். அந்த வாயை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று நான் பல் தேய்க்கும் வாய் அது.

‘ஏதாவது போடு’ என்று சொல்லும் யோக்கியதை ஊரில் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கிடையாது. அதனால் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் என் படிப்பு. பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இரண்டு வருடம் ஐ.டி.ஐ. படித்தேன். எலெக்ட்ரானிக்ஸ். அதில் பாதி நாள் பஸ் வரவில்லை, மீதி நாள் வாத்தியார் வரவில்லை. இரண்டுமே வந்த நாட்களில் கற்றது ஒன்று: பற்ற வைத்த சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கக்கூடாது. பிறகு இந்தக் கருவிப் பிரிவில் சேர்ந்தேன். மழைமானி, நீர்மட்டக் கருவி, உப்பு அளக்கும் கருவி என்று கடலோரத்தில் ஆங்காங்கே நிற்கும் பெட்டிகளைச் சரிபார்ப்பது வேலை. மூன்று அறை, ஒரு வேப்பமரம், ஐந்து பேர். மரத்தையும் சேர்த்தால் ஆறு. நிழல் கொடுத்த கணக்கில் மரம்தான் எங்களில் அதிகம் உழைத்தது.

எங்களுக்குப் பொறியாளராக ரோஸ்லின் மேடம் வந்தபோது எனக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்த வயது. மேடம் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வெளிர் நிறப் பருத்திப் புடவை, காதில் பொட்டளவு தோடு, கொண்டையில் செருகிய ஒரு பென்சில். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாராவது தப்பு செய்தால் அவர் சொல்வது ஒரே ஒரு வார்த்தை.

“உட்காருங்க.”

அவர் மேசைக்கு எதிரே ஒரு மர நாற்காலி. அதன் ஒரு கால் அரை விரல் குட்டை. உட்கார்ந்தவன் ஆடாமல் இருக்க முயன்றுகொண்டே இருக்க வேண்டும். பேச ஒன்றும் தோன்றாது. மேடம் பென்சிலை உருவி, வெள்ளைத் தாள் ஒன்றை நம் பக்கம் தள்ளி, “வரைங்க” என்பார். என்ன தப்பு செய்தோம் என்பதை நாமே படமாக வரைய வேண்டும். வரைந்து முடிப்பதற்குள் தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். “சரி, போங்க” என்பார். திட்டு வாங்கியிருந்தால் வெளியே வந்து நாலு பேரிடம் அவரைத் திட்டலாம். இதில் அதற்கும் வழியில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: “இது சும்மா இருக்கும்போது என்ன சாப்பிடுது?” நாங்கள் சிரிப்போம். என்னைக் காட்டி, “மேடம், இவரு சும்மா இருக்கும்போது நாலு வடை சாப்பிடுவாரு” என்று ஒருவன் சொன்னான். மேடமும் சிரித்தார். சிரித்து முடித்தபின், “ஆனா கேள்வி அப்படியே இருக்குது” என்றார்.

இப்போது அஞ்சலையம்மா.

மரக்காணம் உப்பளத்தில் கிழக்கே கடைசி வாய்க்காலில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தவர். விடியுமுன் இறங்கி உப்பை வாரி, வெயில் ஏறுமுன் குவித்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்குப் போவார். மூன்று பருவமாக அவர் பாத்தியில் உப்பு சரியாக இறங்கவில்லை. பக்கத்து வாய்க்கால்களில் கல் கல்லாக விளைய, இவருக்கு மட்டும் மாவு மாதிரி ஒரு படலம். குத்தகை கொடுத்தவர், “இந்த வருஷமும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. மேற்கே ஒரு இறால் பண்ணை. குளத்துத் தண்ணீரை மாற்றும்போது பழையதை ரகசியமாக இந்த வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். உப்புநீரில் உப்பு குறைந்த தண்ணீர் கலந்தால் அது முற்ற மேலும் பல நாள் வெயில் வேண்டும். முற்றும் நேரத்தில் மறுபடி திறக்கிறார்கள். பண்ணைக்காரரோ, “எங்க தண்ணி எங்க குழாய்ல எங்க பக்கமா கடலுக்குப் போவுது” என்று கையை விரித்தார்.

அஞ்சலையம்மாவின் புகார்மேல் வருவாய் அதிகாரி முன் விசாரணை நடந்தது. அன்று நானும் கருவிப் பிரிவின் சார்பில் ஓரமாக நின்றிருந்தேன்.

“தண்ணி விடறாங்கன்னு எப்படிம்மா சொல்ற? பார்த்தியா?”

“பார்க்கலிங்க. பாத்தில இறங்கினா என் காலுக்குத் தெரியும். கால்ல வெடிப்பு இருக்குது பாருங்க. நல்ல உப்புத் தண்ணின்னா அப்படியே எரியும். அவங்க கலந்துட்டா எரியறது கம்மியாயிடும்.”

பண்ணைக்காரர் சிரித்தார். “காலு சாட்சி சொல்லுதாம் சார். கையெழுத்தும் காலே போடுமா?”

“நீங்க இறங்கி நில்லுங்க, ஒங்க காலும் சொல்லும்,” என்றார் அஞ்சலையம்மா. கோபத்திலும் அந்த ‘ங்க’வை விடவில்லை.

அதிகாரி யோசித்து ஒரு வழி சொன்னார். வாய்க்காலில் உப்பின் அளவைப் பதியும் கருவி ஒன்றை வையுங்கள். அறுபது நாள் இடைவிடாத பதிவு வேண்டும். நடுவில் யாரோ கை வைத்தார்கள் என்ற பேச்சு வராமல் இருக்கப் பெட்டியைப் பூட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அறுபதாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் திறக்க வேண்டும். நடுவில் திறந்தால் பதிவு செல்லாது.

கருவி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேடம் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். எனக்கோ ஒரே குஷி.

கருவியின் மூளை ‘சிப்’ எனப்படும் ஒரு சின்ன சில்லு. கால் மணிக்கு ஒரு தரம் விழித்து, தண்ணீரில் நீட்டிய இரண்டு கம்பிகள் வழியே உப்பை அளந்து, எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிடும். அதற்கு எப்போதும் ஆடாத ஐந்து வோல்ட் வேண்டும். பேட்டரியோ புதிதில் ஒன்பது வோல்ட், போகப் போக இறங்கும். நடுவில் நின்று, எது வந்தாலும் ஐந்தாக்கிக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். சோலார் வைக்கலாமே என்பீர்கள். அதே வாய்க்காலில் முன்பு ஒரு தகடு வைத்தோம். முதல் வாரம் உப்பு படிந்தது, இரண்டாம் வாரம் கொக்கு எச்சம் படிந்தது, மூன்றாம் வாரம் தகட்டையே காணோம். ஆகவே ஆறு பெரிய டார்ச் பேட்டரிகள் என்று முடிவு செய்தேன்.

ரெகுலேட்டருக்கு நான் யோசிக்கவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தால் செவன்ட்டி எய்ட் நாட் ஃபைவ் என்ற ரெகுலேட்டர்கள் சிதறிக் கிடக்கும். மூன்று கால், முதுகில் ஒரு உலோகத் தகடு. இருபத்தைந்து வருடமாக எதற்கெடுத்தாலும் அதைத்தான் போட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைச் சால்டர் செய்வேன். பிறகு, என் முத்திரை: ஒரு சிவப்பு எல்.இ.டி. நான் செய்த எந்தப் பெட்டியும் சிவப்பு விளக்கு இல்லாமல் வெளியே போனதில்லை. விளக்கு எரிந்தால்தான் கருவி ஓடுகிறது என்று மனிதன் நம்புவான் என்பது என் தத்துவம்.

சில்லு எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று பார்த்தேன். சராசரி ஒரு மில்லி ஆம்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மில்லி என்பது ஆம்பில் ஆயிரத்தில் ஒன்று. பேட்டரியில் இருப்பதை அதனால் வகுத்தேன். வந்த விடையைப் பார்த்து எனக்கே மயக்கம். இரண்டே முக்கால் வருடம்! பண்ணைக்காரர் முன்னிலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: “அறுபது நாள் என்ன சார்? மூணு வருஷம் ஓடும். அடுத்த கலெக்டர் வந்து திறக்கலாம்.”

அரக்கு உருகிச் சொட்டியது. துணியைச் சுற்றுமுன் பெட்டிக்குள் என் சிவப்பு விளக்கு கோயில் அகல் மாதிரி மினுங்கியது. எனக்கு ஏனோ கண் கலங்கியது. மூடினோம். கையெழுத்துப் போட்டோம்.

அறுபதாம் நாள் திறந்தபோது விளக்கு அணைந்திருந்தது. பதிவு பத்தொன்பதாம் நாளோடு நின்றிருந்தது.

காற்று உப்பைத் தூற்றிக்கொண்டு போனது. பிறகு பண்ணைக்காரர், “மூணு வருஷம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா சார்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பழக்க தோஷத்தில் சிரித்துத் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தால் அஞ்சலையம்மா சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையேறிச் செத்துக் கிடக்கும் மீனைப் பார்ப்பது மாதிரி.

பத்தொன்பது நாளில் நாலு இடத்தில் உப்பின் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். “பேட்டரி சாகற நேரத்துல கருவி உளறியிருக்கும்னு அவங்க சொல்வாங்க. நான் என்ன பதில் சொல்றது? இன்னும் ஒரே ஒரு தடவை. ஆடி முடியறதுக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் மழை வந்துடும், எல்லாத் தண்ணியும் ஒண்ணாயிடும்.”

ஒரே தடவை. அது தவறினால் குத்தகை போய்விடும்.

மறுநாள் ரோஸ்லின் மேடம் வந்துவிட்டிருந்தார். பெட்டியை அவர் மேசையில் வைத்தேன்.

“உட்காருங்க.”

உட்கார்ந்தேன். ஆடினேன். தாள் வந்தது. வரைந்தேன்: பேட்டரி, ரெகுலேட்டர், சில்லு. எல்.இ.டி.யை வரையாமல் விட்டுப் பார்த்தேன். பென்சில் நுனியால் அந்த வெற்றிடத்தைத் தட்டினார். வரைந்தேன்.

பிறகு அவர் செய்த காரியத்தை இன்றைக்கும் அப்படியே பார்க்கிறேன். புதுப் பேட்டரி ஆறு போட்டார். மீட்டரை வரிசையில் இணைத்தார். சில்லைக் கழற்றித் தட்டில் வைத்தார். எல்.இ.டி.யின் ஒரு காலை நிமிர்த்தினார். இப்போது பேட்டரிக்கும் மீட்டருக்கும் நடுவில் என் அருமை ரெகுலேட்டர் மட்டும். வேலை எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். சும்மா இருக்கிறது.

மீட்டர் ஐந்து மில்லி ஆம்ப் காட்டியது.

மேடம் பேப்பர் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பென்சிலால் ‘சும்மா: 5’ என்று எழுதி, ரெகுலேட்டரின் முதுகில் ஒட்டினார். எல்.இ.டி.யைச் சேர்த்தார். இன்னொரு மூன்று ஏறியது. அதற்கும் ஒரு துண்டு. கடைசியில் சில்லைப் பொருத்தினார். முள் நகர்ந்ததே தெரியவில்லை. ‘0.2’ என்று எழுதினார்.

“வேலை செய்யறவர் சாப்பிடறது இது,” என்று சில்லைத் தொட்டார். “அவருக்குச் சோறு எடுத்துட்டுப் போறவர் வழியிலயே சாப்பிடறது, இது. இருபத்தஞ்சு மடங்கு.”

என் காது சூடானது. ரெகுலேட்டரின் முதுகுத் தகட்டைவிட.

“இன்னொண்ணு. இந்த ஆள் அஞ்சு வோல்ட் கொடுக்கணும்னா ஏழு வேணும். பேட்டரி ஏழுக்குக் கீழ இறங்கினா கையை விரிச்சிடுவார். அப்போ பேட்டரில கால் பங்கு அப்படியே மிச்சம் இருக்கும்.”

“ஆமா மேடம்.”

“சரி. இந்த விளக்கு?” நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகம். “பூட்டி, துணி சுத்தி, அரக்கு வெச்ச பெட்டி. உள்ள எரியுது. யார் பார்க்கறதுக்கு?”

என் பணிக்காலத்தில் பல கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு கேள்விக்குத்தான் நாற்காலி என்னோடு சேர்ந்து யோசித்து ஆடியது. பத்தொன்பது நாள், இருட்டில், யாருமில்லாத இடத்தில், நான் நல்லவன் நான் நல்லவன் என்று எரிந்திருக்கிறது. என்னுடைய விளக்கேதான், சந்தேகமில்லை.

மானத்தைக் காப்பாற்ற ஒரு யோசனை சொன்னேன். “மேடம், ஜீனர் டயோடு ஒண்ணும் ஒரு ரெசிஸ்டரும் போட்டுடலாம். ரொம்ப சிம்பிள்.”

“போடலாம். சில்லு விழிக்கும்போது ஒரு நொடிக்கு முப்பது மில்லி கேட்கும். அது எப்ப கேட்கும்னு ஜீனருக்குத் தெரியாது. அதனால முப்பதையும் எப்பவும் ஓடவிட்டுட்டே இருக்கணும். கேட்காத நேரத்துல ஜீனர் அதைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கும். எத்தனை நாள் வரும், போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம்கூட வரவில்லை.

“அப்போ ரெகுலேட்டரே வேணாம் மேடம். பேட்டரில இருந்து நேரா.”

“அதுதான் எனக்கும் ஆசை,” என்றார். “ஆனா வோல்ட் இறங்க இறங்க அளவு நகரும். உப்பு இறங்கிச்சா, பேட்டரி இறங்கிச்சான்னு அவங்க கேட்பாங்க. அந்த அம்மா மறுபடி நம்ம முகத்தைப் பார்ப்பாங்க.”

வேறொரு ரெகுலேட்டரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டார். அதுவும் மூன்று கால்தான். ஆனால் டிரான்சிஸ்டர் அளவு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. சும்மா இருக்கும்போது மூன்று மைக்ரோ ஆம்ப். மில்லியிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ. பழையவர் ஒரு நாளில் தின்பதை இது நாலரை வருடம் வைத்துச் சாப்பிடும். பேட்டரி ஐந்தே கால் வோல்ட்டுக்கு வந்தால்கூட முகம் சுளிக்காமல் ஐந்து கொடுக்கும். நிறைய மின்சாரம் கேட்டால் இதனால் முடியாது. எங்களுக்கு நிறைய வேண்டாமே.

ஈ.சி.ஆர். பஸ்ஸில் சென்னை போய், ரிச்சி தெருவில் பதினோரு கடை ஏறி இறங்கினேன். “செவன்ட்டி எய்ட் நாட் ஃபைவ்னா கூடையில அள்ளித் தர்றேன் அண்ணாத்த. இந்தப் பொடியனை வெச்சிக்கினு என்னா பண்ணப் போற?” என்றார் கடைசிக் கடைக்காரர். அவரிடம் மூன்றே மூன்று இருந்தன. வாங்கி, சட்டைப் பையில் வைத்து, வழி நெடுக நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்காரர் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

வந்து உட்கார்ந்து முதல் பொடியனைச் சால்டர் செய்தேன். பேட்டரி கொடுத்தேன். பிஸ் என்று ஒரு சின்னப் புகை. பழையவருக்கு முதல் கால் வரவு, நடுக்கால் கிரவுண்ட் எனும் தரை, கடைசிக் கால் செலவு. பொடியனுக்கு முதல் கால்தான் தரை, நடுவில் வரவு. கண்ணைக் கட்டினாலும் செய்வேன் என்று சொன்னேன் அல்லவா? கண்ணைக் கட்டியதுபோலவே செய்திருந்தேன்.

அழைக்காமலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார், தாளைத் தள்ளினார். மூன்று கால் வரைந்தேன். “சரி, போங்க. மீதி ரெண்டு இருக்குது,” என்றார். இரண்டாவதை மேடம் பக்கத்தில் நிற்க, காலுக்குக் காலாய்ப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு பொருத்தினேன். வெளியே போகும் காலில் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடச் சொன்னார். அது இல்லாவிட்டால் பொடியனுக்குக் கை நடுங்குமாம். எல்.இ.டி. இருந்த ஓட்டையில் மெழுகை அடைத்தோம். ஓட்டையை மூடும்போது என் கையும் கொஞ்சம் நடுங்கியது, எனக்குக் கெப்பாசிட்டர் இல்லை.

வைகாசி கடைசியில் மறுபடி அரக்கு உருகியது.

“போன தடவை மயக்கம் போட்டுச்சே, இந்தத் தடவை குளுக்கோஸ் ஏத்தியிருக்கீங்களா சார்?” என்றார் பண்ணைக்காரர். நான் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சலையம்மா மட்டும் துணி சுற்றுமுன் எட்டிப் பார்த்தார். “செகப்பு வெளக்கு எங்க சார்?”

“எடுத்துட்டோம்மா.”

“அப்போ உசுரு இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாதும்மா.”

“அறுபது நாளும்?”

“அறுபது நாளும்.”

அவர் உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறுபது நாள் எனக்குக் கனவில் நடந்ததுபோலத்தான் இருக்கிறது. வாரம் ஒரு தரம் மதியத்தில் பஸ் ஏறிப் போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். பார்க்க ஒன்றுமில்லை. துணி சுற்றிய பெட்டி, அரக்கு. தொடக் கூடாது. காதை வைத்துக் கேட்டாலும் சத்தம் வராது. உப்பள ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். குவித்த உப்பெல்லாம் வெயிலில் மிதக்கும். தூரத்தில் ரோட்டில் போகும் பஸ் தண்ணீர் மேல் போவதுபோல, சக்கரம் இல்லாமல் நழுவும். நான் செருப்பைக் கழற்றி, பேண்ட்டை மடித்து, வாய்க்காலில் காலை விட்டு உட்காருவேன். என் குதிகாலிலும் வெடிப்பு உண்டு. சுரீர் என்று எரியும். எரிச்சலோடு பெட்டியைப் பார்த்தபடி, ‘டேய் பொடியா, இருக்கியாடா?’ என்பேன். அப்புறம் கண் சொக்கும்.

ஒரு நாள் நல்ல தூக்கம். கனவில் இரும்பை என்ற ஊரின் கோயில் குளம். படியில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் குளிர்ந்து காலைத் தடவுகிறது, சின்னச் சின்ன மீன்கள் வெடிப்பைக் கொத்துகின்றன, வலியே இல்லை. கரையில் யாரோ நடந்து வருகிறார்கள். கையில் ஏதோ வெள்ளையாக. என்னைக் கூப்பிடவில்லை. மறுபடி எரிச்சல் சுள்ளென்று ஏறியதில் விழித்தேன். பக்கத்தில் வரப்பில் ஒரு பாட்டில் மோர் இருந்தது. கனவிலிருந்து தவறி விழுந்ததாக்கும் என்று எண்ணி, குடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆடி மாதத்தில் அறுபதாம் நாள் வந்தது.

அதிகாரி, பண்ணைக்காரர், குத்தகை கொடுத்தவர், மேடம், நான், அஞ்சலையம்மா. அரக்கை உடைத்தபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தார்.

“எட்டே முக்கால்,” என்றார். “வெச்சப்போ ஒம்பது.”

பிறகு லேப்டாப்பில் பதிவை இறக்கினார். கால் மணிக்கு ஒன்று, ஒன்றுகூட விடாமல், அறுபது நாளும் கோடு ஓடியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இல்லை, ஆனாலும் ஆடியது.

கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது, நாலு நாளுக்கோ ஐந்து நாளுக்கோ ஒரு பள்ளம். மொத்தம் பதின்மூன்று பள்ளம். எல்லாமே மதியம். உப்பளத்தில் ஒரு ஆள்கூட இல்லாத நேரம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

பண்ணைக்காரர் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார். “பம்பு போடற ஆளு பண்ணியிருப்பான் சார். எனக்குத் தெரியாது,” என்றார். குரலில் குளுக்கோஸ் இறங்கியிருந்தது. அதிகாரி அங்கேயே வரப்பில் ஒரு காலை ஊன்றி, தொடையில் தாளை வைத்து எழுதினார்: குழாயை ஒரு மாதத்துக்குள் மறுபக்கம் திருப்ப வேண்டும். குத்தகை கொடுத்தவரைக் கூப்பிட்டு, “அந்தம்மா பேர்லயே இருக்கட்டும்,” என்றார். அவர் தலையாட்டினார்.

மேடம் திரையில் பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, தேதியையும் நேரத்தையும் வாசித்தார், நான் எழுதிக்கொண்டே வந்தேன். எட்டாவது பள்ளத்தில் என் பேனா நின்றுவிட்டது. அந்த நாள், அந்த நேரம். ஒன்றேகால் முதல் இரண்டே முக்கால் வரை. மோர் குடித்துவிட்டு நான் மூன்று மணி பஸ் பிடித்த நாள்.

இரும்பைக் குளத்துத் தண்ணீர் எதுவென்று அப்போதுதான் புரிந்தது. திருட்டுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, எரிச்சல் அடங்கிய சுகத்தில், விசாரணை அதிகாரியின் பிரதிநிதியாகிய நான் தூங்கியிருக்கிறேன். எனக்கு இரண்டு கை தள்ளி, சில்லும் தூங்கித்தான் இருந்தது. ஆனால் கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து, தொட்டுப் பார்த்து, எழுதி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. பக்கத்தில் பொடியன், கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல், ஐந்து வோல்ட்டை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கிளம்பிய பிறகு அஞ்சலையம்மா பக்கத்தில் வந்தார்.

“எட்டாவதுன்னு மேடம் படிச்சாங்களே, அன்னிக்கு நீங்க இங்கதான சார் இருந்தீங்க?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மோர் வெச்சது யாரு? வெயில்ல ஒத்த ஆளா உட்கார்ந்திருக்கீங்களேன்னு கொண்டாந்தேன். வாயைத் தொறந்துக்கினு தூங்கிட்டு இருந்தீங்க.”

“எழுப்பியிருக்கலாம் இல்ல?”

“பெட்டி முழிச்சிருக்குதான்னுதான் யாருக்கும் தெரியல, நீங்களாவது நல்லா தூங்கட்டும்னு வுட்டுட்டேன்.” பாதி தூரம் போனவர் திரும்பினார். “ஒங்க காலும் சாட்சிதான் சார். அதிகாரிகிட்ட சொல்லிடாதீங்க, கையெழுத்து கேட்பாரு.”

இப்போது மணி நாலரை. வாட்ஸ்அப்பைத் திறந்து, ‘ஏதாவது போடுப்பா’வைத் திருத்தப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதாம், திருத்த முடியாதாம். இருக்கட்டும். அதற்குக் கீழேயே எழுதிவிட்டேன்: ‘தம்பி, மேலே இருப்பது தூக்கத்தில் போட்டது. எதைப் போட்டாலும், முதலில் அதைத் தனியாக மீட்டரில் மாட்டி, சும்மா இருக்கும்போது என்ன சாப்பிடுகிறது என்று பார். பேட்டரி இறங்கும்போது எதுவரை தாங்குகிறது என்று பார். கால் வரிசையைப் பார். பெட்டியை மூடிவிடுவாய் என்றால் விளக்கு வைக்காதே.’

அனுப்பிவிட்டுப் பதில் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் படித்தாரா என்று தெரிந்துகொள்ள ஒரு விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.